பெரியம்மா மகனுக்கு லீவு இல்லை

கால்வாய்க் கரையோரமாக நடந்துகொண்டிருந்தேன். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் ஒரு சோடி வெள்ளை ரப்பர் சப்பாத்து, என்னுடைய தேநீர்க் கோப்பை, பாதி தீர்ந்த நீல ஒட்டுப்பட்டிச் சுருள் ஒன்று. சப்பாத்தும் கோப்பையும் என்னுடையவை. பட்டிச் சுருள் தொழிற்சாலைக்குச் சொந்தம். அதைத் திருப்பிக் கொடுப்பதற்காக இன்னொரு தரம் அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போக மனம் வரவில்லை.

லண்டனில், பார்க் ரோயலில் இருந்து வெஸ்ட் ஈலிங்கில் இருந்த என் அறைக்கு பஸ்ஸில் போகலாம். ஆனால் அந்த நேரத்து பஸ்ஸில் காலை ஷிப்ட் முடிந்த ஆட்கள் நிறைந்திருப்பார்கள். ஆளுக்கொரு மொழியில் என்ன நடந்தது என்று கேட்பார்கள். நடந்தது இதுதான்: போஜெனா என்ற போலந்துக்காரியின் வேலை போவதா, என்னுடையது போவதா என்று ஒரு தாளில் தீர்மானமாகியிருந்தது. அதை விளக்குவதற்கு அவர்களுக்கு என் பெரியம்மாவில் இருந்து தொடங்க வேண்டும். பத்து வருடம் விளக்கம் சொன்னது போதும் என்று நடந்தேன். மழை தூறிக்கொண்டிருந்தது. சைக்கிளில் வந்த ஒருவன் மணியடித்து என்னை ஓரமாக்கினான்.

இப்போது இதை எழுதவேண்டி வந்ததற்கும் விளக்கம் கேட்ட ஒருத்திதான் காரணம். எங்கள் முதியோர் சங்கத்து மலரில் ஓய்வுபெற்றவர்களின் தொழில் அனுபவங்களைப் போடுகிறார்கள். வைத்தியர் எழுதினார், கணக்காளர் எழுதினார், பெட்ரோல் நிலையம் வைத்திருந்தவர் இரண்டு தரம் எழுதினார். மலருக்குப் பொறுப்பான பிள்ளை, நூலகத்தில் புதிதாக வருகிறவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பவள், கோயில் வாசலில் வைத்து என்னைப் பிடித்தாள்.

"அங்கிள், நீங்க போலிஷ் ஆட்களுக்கு இங்கிலிஷ் படிப்பிச்சனீங்களாமே? என்ர கிளாஸிலயும் இருக்கினம். ஃபேமிலி வேர்ட்ஸ் எப்பிடிப் படிப்பிச்சனீங்கள் எண்டு எழுதித் தாங்கோவன். டிப்ஸ் மாதிரி, ஷோர்ட்டா."

"அங்கிள் எண்டால் எந்த அங்கிள்? மாமாவோ, சித்தப்பாவோ, பெரியப்பாவோ?"

"சும்மா அங்கிள்தான்," என்று சிரித்தாள்.

அந்தச் 'சும்மா'வுக்கு ஒரு மேசை நிறைய விளக்கம் வேண்டும். அதைச் சுருக்கமாக எழுத எனக்கு வராது.

நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கொழும்பு, பிறகு மொஸ்கோ. அங்கிருந்து ஜெர்மனிக்குக் கொண்டுபோகிறேன் என்ற ஏஜென்சிக்காரன் போலந்தில் ஒரு காட்டோரத்தில் இறக்கிவிட்டுப் போனான். இரண்டு குளிர்காலம் காளான் பண்ணையில் வேலை. காளான் இருட்டில் வளரும், குனிந்துதான் பறிக்க வேண்டும். முதுகு போனது, மொழி வந்தது. அந்த நாட்டில் பிறந்தநாளைவிட பெயர்நாள் பெரிது. மேசையைச் சுற்றி ஒரு வம்சமே உட்கார்ந்திருக்கும். கூட வேலை செய்தவர்கள் என்னையும் கூட்டிக்கொண்டு போவார்கள். ஒவ்வொருவரையும் முறை சொல்லி வாழ்த்த வேண்டும்; முறையைப் பிழையாகச் சொன்னால் இன்னொரு கிளாஸ் குடிக்க வேண்டும். அப்படி வயிறு எரிய எரியப் படித்த சொற்கள் மறக்காது.

பிறகு ஜெர்மனி, பிரான்ஸ், கடைசியில் லண்டன். ஈஸ்ட் ஹாமில் பலசரக்குக் கடை, சட்டனில் கார் கழுவும் இடம், எந்தெந்த ஊரிலோ ஹோட்டல் குசினிகள். பார்க் ரோயலுக்கு முன் ஓரிடத்திலும் இரண்டு வருடம் தாண்டவில்லை. கால் நிற்காது. ஆங்கிலம் இந்த இடங்களில் பொறுக்கியதுதான்.

பார்க் ரோயலில் சாண்ட்விச் செய்யும் அந்தத் தொழிற்சாலைக்குத் தட்டுக் கழுவத்தான் போனேன். போலந்துக்காரர் விசா இல்லாமல் வேலைக்கு வரலாம் என்று ஆனபோது வாரத்துக்கு ஒரு கூட்டம் வந்து இறங்கியது. வந்த முதல் நாளே எல்லோருக்கும் ஒரு தாளைக் கொடுத்து நிரப்பச் சொல்வார்கள். அதில் ஒரு வரி: அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது, அவர் உங்களுக்கு என்ன உறவு. தொமெக் என்ற பெடியன் வெட்டும் இயந்திரத்தில் விரலைக் கொடுத்தபோது அலுவலகத்தில் அந்த நம்பருக்கு அடித்தார்கள். தொமெக்கின் லொக்கருக்குள்ளேயே மணி அடித்தது. அந்த வரியில் அவன் தன் பெயரையும் தன் நம்பரையும் எழுதியிருந்தான். உறவு என்ற இடத்தில் 'நான்' என்று.

அதற்குப் பிறகுதான் குணா என்னைக் கூப்பிட்டார். குணா அங்கே ஆட்களுக்குப் பொறுப்பான மனேஜர். ஈப்போவில் பிறந்து, படிக்க வந்து, இங்கேயே தங்கிவிட்ட மலேசியத் தமிழர். என்னைவிடப் பத்து வயது இளையவர். நடைபாதையில் கண்டால் 'அண்ணே' என்பார். அறைக்குள் வந்து கதவைச் சாத்தினால் 'மிஸ்டர் சிவபாதம்'. கதவு அரைவாசி திறந்திருந்தால் என்னவென்று தெரியாமல் இரண்டையும் விட்டுவிடுவார். மேசையில் ஒரு கண்ணாடி ரூலர் இருக்கும். எந்தத் தாள் வந்தாலும் முதல் வரிக்குக் கீழே ரூலரை வைத்து வாசிப்பார், பிறகு அடுத்த வரிக்கு இறக்குவார். நடுவில் யாராவது கதைத்தால் ரூலரில் விரலை வைத்துக்கொண்டு நிமிர்வார். பதில் சொல்லிவிட்டு விட்ட வரியில் இருந்து தொடர்வார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஒருவரை வேலையை விட்டு நிறுத்தும்போதும் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டுவிட்டுத்தான் நிறுத்துவார். அந்தத் தண்ணீர்தான் எனக்கு எரிச்சல்.

"அரை மணி நேரம் போதும் லா, அண்ணே," என்றார். "கை கழுவுறது, அலர்ஜி, அப்பறம் இந்த ஃபேமிலி வார்த்தைங்க. அவங்க மொழியிலேயே சொல்லிக்கொடுத்து ஃபார்மை நிரப்பி வாங்கிடுங்க."

அரை மணியில் கை கழுவுவது முடியும். குடும்பம் முடியாது.

என் முறை இதுதான். சாப்பாட்டு அறையில் ஒரு இரும்பு மேசை. உணவுத் தொழிற்சாலையில் எதுவும் நீலமாக இருக்க வேண்டும், சாண்ட்விச்சுக்குள் விழுந்தால் கண்ணில் படவேண்டும் என்பதற்காக. ஒட்டுப்பட்டியும் நீலம். ஒரு துண்டு கிழித்து 'நான்' என்று எழுதி மேசை நடுவில் ஒட்டுவேன். இடப்பக்கம் அப்பாவின் ஆட்கள், வலப்பக்கம் அம்மாவின் ஆட்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டு. அவர்களே தங்கள் மொழியில் எழுதி ஒட்டுவார்கள். அப்பாவின் சகோதரன் ஸ்த்ரிய். அம்மாவின் சகோதரன் வுய். சகோதரனின் மகனுக்கு ஒரு சொல், சகோதரியின் மகனுக்கு வேறு சொல். எங்களைப் போலவே தனித்தனியாக ஆட்களை வைத்திருக்கிறார்கள். மேசை நிறைந்த பிறகு நான் நீளமாக ஒரு பட்டி கிழிப்பேன். அதில் 'அங்கிள்' என்று எழுதி, அப்பாவின் சகோதரன், அம்மாவின் சகோதரன், அவர்களின் சகோதரிமாருடைய புருஷன்மார் எல்லோர் மேலேயும் ஒரே இழுவையில் ஒட்டுவேன். இன்னொன்று 'ஆன்ட்'. இன்னொன்று 'நெஃப்யூ'. கடைசியாக எல்லாவற்றையும்விட நீளமானது 'கஸின்'. அது மேசையின் இரண்டு விளிம்பையும் தொடும்.

ஒவ்வொரு கூட்டத்திலும் யாராவது ஒருவர் என்னோடு சண்டைக்கு வருவார், நான்தான் அந்தச் சொற்களை உண்டாக்கியது போல. ஒருமுறை ஒரு கிழவன் அப்பாவின் சகோதரியுடைய மகளும் சகோதரிதான் என்று நின்றான். எங்களிடம் அவள் மச்சாள், அவளைக் கட்டலாம் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். ஒரு பெண் சிலுவை போட்டுக்கொண்டாள். அன்றைக்கு அலர்ஜிப் பாடம் நடக்கவில்லை.

போஜெனா இந்தக் கூட்டங்களில் ஒன்றில்தான் வந்தாள். ஐம்பது வயது இருக்கும். ஊரில் பள்ளிக்கூடம் ஒன்றில் சமையல் செய்தவள். முட்டை மயோனைஸ் லைனில் அவளைப் போல வேகமான கை இல்லை. ஆங்கிலத்தில் அவளைப் போல மந்தமான வாயும் இல்லை. நாங்கள் போலிஷில்தான் கதைப்போம். ஆனால் எனக்கு அது எப்போதும் யாழ்ப்பாணத் தமிழில்தான் கேட்கும். அப்படியே எழுதுகிறேன்.

"பான் ஷிவா," என்று தொடங்குவாள். பான் என்றால் ஐயா. "இங்கிலிஷ்காரருக்குச் சொந்தக்காரரைப் பிடிக்காதோ? ஒரு டப்பாக்குள்ள நாலு பேரை அடைச்சு மூடியிருக்கினம்."

"பிடிக்குதோ பிடிக்கேல்லையோ, தாளில அப்பிடித்தான் எழுத வேணும். மிரெக் உங்களுக்கு என்ன?"

"அண்ணை."

"மிரெக்கின்ர அம்மா ஆர்?"

"என்ர அம்மான்ர அக்கா."

"அப்ப இங்கிலிஷில?"

"அண்ணை."

"கஸின்."

"உங்கட ஊரில என்ன?"

"எங்கட ஊரிலயும் அண்ணைதான். அது வேற கதை. இங்க கஸின்."

மிரெக்கைப் பற்றித் தேநீர் நேரமெல்லாம் கேட்டிருக்கிறேன். அவனுக்கு நாலு வயதில் தாய் ஹெலெனா இறந்துபோக, போஜெனாவின் தாய் யத்விகா தூக்கிக்கொண்டு வந்து வளர்த்தாள். எழுதிப் பதிந்து தத்தெடுக்கவில்லை; அக்காவின் பிள்ளைக்கு என்ன பதிவு என்று யாரும் நினைக்கவில்லை. போஜெனா அவனுக்குப் பின் பிறந்தவள். பனிக்காலத்தில் பள்ளிக்கூடத்துக்கு அவளை முதுகில் தூக்கிக்கொண்டு போவானாம். அவள் லண்டனுக்கு வந்த பிறகு, நடக்க முடியாத யத்விகாவோடு இருந்து பார்த்ததும் அவன்தான். ஆறு மாதம் நான் 'கஸின், கஸின்' என்று அவளைத் துரத்தினேன். ஆறு மாதமும் அவள் 'பிரதர்' என்றாள். வேண்டுமென்றே செய்கிறாள் என்று எரிந்து விழுந்திருக்கிறேன்.

ஒருநாள் காலை ஷிப்டுக்கு முன் வந்து நின்றாள். தலை வலையை உள்வெளியாகப் போட்டிருந்தாள். ஆங்கிலத்தில் சொன்னாள், தன் கஸின் இறந்துவிட்டதாக. ஒரு பிழையும் இல்லாத வசனம். அவள் வாயில் இருந்து வந்த முதலாவது.

"எந்தக் கஸின்?" என்று கேட்டேன்.

"மிரெக். பஸ் தரிப்பில நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு விழுந்தவராம். அம்மா தனிய."

செத்தவீட்டு லீவுக்கு ஒரு தாள் இருக்கிறது. என்னிடம்தான் கட்டாக இருந்தது. போலந்துக்காரருக்கு நான்தான் நிரப்பிக் கொடுப்பேன். பெயர், லைன் நம்பர், எத்தனை நாள், இறந்தவர் என்ன உறவு. அந்தக் கட்டத்தில் பேனாவை வைத்தேன். கஸின். இந்த நாட்டில் எவ்வளவு காலமாக இருக்கிறேன், கஸின் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். கிறிஸ்மஸுக்கு ஒரு கார்ட் அனுப்பும் ஆள். அந்தச் சொல்லை அந்தச் செத்த மனிதன் மேல் ஒட்ட எனக்குக் கை வரவில்லை.

'பிரதர்' என்று எழுதினேன்.

அவள் எட்டிப் பார்த்தாள். "கஸின் எண்டெல்லோ சொன்னனான்?"

"முதுகில தூக்கினவர் அண்ணைதான்."

"உங்கட மேசையில கஸின். நீங்கள்தானே சொன்னீங்கள்? பிறகு பிரச்சினை வராதோ?"

"இங்க எழுதுறது நான். கையெழுத்து வையுங்கோ. பிளேனைப் பாருங்கோ."

வைத்தாள். பெற்றோர், கணவன் மனைவி, பிள்ளைகள், உடன்பிறந்தோர் ஆகியோருக்கு மட்டும்தான் சம்பளத்தோடு ஐந்து நாள் என்றும், மற்றவர்களுக்கு ஒன்றும் இல்லை என்றும் ஒரு பாலிசி இருந்திருக்கிறது. அந்தத் தாளை நான் ஒருபோதும் கடைசிவரை வாசித்ததில்லை. மூன்று பக்கம் தாண்டினால் எனக்குக் கண் ஓடாது. இதைச் சாட்டாகச் சொல்லவில்லை. இருந்ததைச் சொல்கிறேன்.

ஐந்து நாள் கழித்து வந்தாள். கோப்புக்கு மரணச் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். கொடுத்தாள். போலிஷில் இருந்தது. குணா என்னிடம் தந்து ஆங்கிலத்தில் எழுதித் தரச் சொன்னார். எழுதினேன். அந்த நாட்டுச் சான்றிதழில் இறந்தவரின் தாய் தகப்பன் பெயரும் இருக்கும். தாய், ஹெலெனா. அழகாக எழுதி, பேனா மை காயவிட்டு, நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அடுத்த நாள் அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தினார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். அப்போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

மேசையில் இரண்டு தாள். முதலாவதில் ஒரு வரிக்குக் கீழே ரூலரை வைத்தார்.

"மிஸ்டர் சிவபாதம், இதுல இறந்தவரோட அம்மா பேரு ஹெலெனா. நீங்க மொழிபெயர்த்தது."

"ஓம்."

ரூலரை இரண்டாவது தாளுக்கு மாற்றினார். போஜெனா வந்த முதல் நாள் நிரப்பியது; அவசரத்துக்குக் கூப்பிடத் தாயின் பெயரைக் கொடுத்திருந்தாள். "இதுல அவங்களோட அம்மா பேரு யத்விகா. இதுவும் உங்க கையெழுத்து."

"ஓம்."

"ரெண்டு அம்மா."

"ஓம். அக்காவும் தங்கச்சியும். ஹெலெனா மூத்தவ."

அவர் ரூலரை எடுக்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதும் எனக்கு என்ன பிழை என்று தெரியவில்லை. இதை இன்றைக்கும் ஒருவரும் நம்புகிறார்கள் இல்லை. கஸின் பாடத்தை நூறு தரம் எடுத்தவன் நான். இரண்டு தாயின் பெயரையும் என் கையாலேயே எழுதினேன். எழுதும்போது கை நிற்கவில்லை, ஏனென்றால் தாய் வேறு என்பது எனக்கு ஒரு செய்தியே இல்லை. எங்கள் வீட்டில் ஏழு அண்ணன்மார். ஒரு தாய்க்குப் பிறந்தவர்கள் மூன்று பேர், மற்ற நாலு பேரும் பெரியம்மாவின் மகன்மார்.

"அப்ப அவரு கஸின் தானே," என்றார் குணா.

"உங்கட பெரியம்மா மகனை நீங்கள் என்னெண்டு கூப்பிடுவியள்?"

கதவைப் பார்த்தார். சாத்தித்தான் இருந்தது. "அண்ணன்னுதான் லா. ஈப்போல இருக்காரு. வாராவாரம் பேசுவேன். ஆனா லீவு எழுதுனா நான் கஸின்னுதான் எழுதுவேன்."

"எழுதுவியளோ?"

பேனாவை எடுத்து ரூலருக்குப் பக்கத்தில் நேராக வைத்தார். பிறகு மேசை லாச்சியில் இருந்து தட்டெழுதிய தாள் ஒன்றை எடுத்தார்.

"அண்ணே, இதுல ஒரு சைன் போடுங்க. அவங்க போலிஷ்ல பிரதர்னு சொன்னாங்க, நீங்க அதை அப்படியே எழுதினீங்க. அவ்வளவுதான். உங்களுக்கு ஒண்ணும் வராது."

"அவவுக்கு?"

"பொய்த் தகவல் குடுத்து சம்பள லீவு எடுத்தது. அதுக்கு வேலைய விட்டு நிறுத்துறதுதான் ரூல். நான் உண்டாக்கல லா."

"அவ கஸின் எண்டுதான் சொன்னவ."

"அதை நீங்க சொன்னா நிறுத்துறது உங்களை. அடுத்த வாரம் முப்பது பேரு வர்றாங்க, யாரு கிளாஸ் எடுக்கிறது? அவங்களுக்கு நாளைக்கே வேற வேலை கெடைக்கும்."

கிடைக்காது. பொய்த் தகவல் என்று எழுதிய கடிதத்தோடு வெளியே போகிறவளை எந்த உணவுத் தொழிற்சாலையும் எடுக்காது. அது குணாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஊரில் யத்விகாவைப் பார்க்க இனி ஒரு ஆளை வைக்க வேண்டும், அது போஜெனாவின் சம்பளத்தில்தான் நடக்க வேண்டும் என்பது எனக்கு மட்டும் தெரியும். அறையின் கண்ணாடிச் சுவருக்கு அப்பால் அவள் கோட்டைப் போட்டுக்கொண்டு, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, வீட்டுக்குப் போக ஆயத்தமாக இருந்தாள்.

எனக்கு வந்த எரிச்சல் பாலிசியின் மேல் இல்லை. இங்கிலிஷ்காரன் தன் குடும்பத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை அது, அவனுக்குச் சரியாக இருக்கும். எரிச்சல் குணாவின் மேல். இந்தத் தொழிற்சாலையில் எனக்கு அடுத்ததாக இதை விளங்கக்கூடிய ஒரே மனிதர். விளங்கிக்கொண்டுதான் ரூலரைப் பிடித்துக்கொண்டிருந்தார். அதைவிட என் மேல். ஆறு மாதம் கத்திக் கத்தி ஒருத்திக்குச் சரியான சொல்லைப் படிப்பித்துவிட்டு, அவள் அதைச் சரியாகச் சொன்ன முதல் நாளே வாயை மூடவைத்தேன்.

தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் பெரிய எழுத்தில் ஆங்கிலத்தில் எழுதினேன். அவள் கஸின் என்று சொன்னாள். பிரதர் என்று எழுதியது நான். கீழே கையெழுத்து.

குணா இரண்டு வரிக்கும் ரூலர் வைத்து வாசித்தார்.

"யோசிச்சுத்தான் எழுதினீங்களா?"

"யோசிக்காமல் எழுதினது மற்றது."

"விசாரணை வைக்கணும் லா. அதுவரைக்கும் நீங்க தட்டு கழுவுற எடத்துல..."

"விசாரணை வேண்டாம். நான் போறன். அதையும் கீழ எழுதட்டோ?"

"கோவத்துல பேசாதீங்க, அண்ணே."

"கோவமில்லை," என்றேன். கோபம்தான்.

வெளியே வந்ததும் போஜெனா எழும்பினாள்.

"உள்ள போங்கோ," என்றேன். "கஸின் எண்டு சொன்னனான் எண்டு மட்டும் சொல்லுங்கோ. அது உண்மை."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"அதையேதான். நான் வேலையை விட்டிட்டன்."

அழுவாள் என்று நினைத்தேன். அவளுக்கு முகம் சிவந்தது.

"என்னைக் கேட்டனீங்களோ?" என்றாள். "அண்டைக்கும் கேக்காமல் எழுதினீங்கள். இண்டைக்கும் கேக்காமல் எழுதிப்போட்டு வந்து நிக்கிறீங்கள். என்ர செத்தவீடு, என்ர அண்ணை, என்ர வேலை. எல்லாத்தையும் நீங்களே எழுதுவீங்களோ?"

"உங்கட வேலையைக் காப்பாத்தத்தானே..."

"நான் ஐம்பது வயசுப் பொம்பிளை, பான் ஷிவா. என்ர வாயால சொல்ல எனக்குத் தெரியும். கஸின். பாத்தீங்களோ? தெரியும்."

கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு உள்ளே போனாள். கதவு சாத்தும்போது குணா தண்ணீர் வேண்டுமா என்று கேட்பது கேட்டது. வேண்டாம் என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

நான் லொக்கரைத் துடைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு கால்வாய்ப் பக்கம் இறங்கினேன். பெரிவேல் வரும்வரை அவளோடு மனதுக்குள் வாதாடிக்கொண்டே நடந்தேன். ஒரு இடத்திலும் நான் வெல்லவில்லை. காலில் இருந்த சப்பாத்துக்குள் தண்ணீர் புகுந்தது. அறைக்கு வந்து சேரும்போது தொலைபேசியில் அவளிடம் இருந்து ஒரு செய்தி இருந்தது, ஆங்கிலத்தில், எழுத்துப் பிழைகளோடு. எச்சரிக்கைக் கடிதம் மட்டும், ஐந்து நாளையும் வருடாந்த லீவில் கழிக்கிறார்கள், வேலை இருக்கிறது. நன்றி என்ற சொல் அதில் இல்லை. எனக்கும் அதை எதிர்பார்க்க முகம் இல்லை.

அடுத்த நாள் காலை ஏழு மணிக்கு கிரீன்ஃபோர்டில் ஒரு பேக்கரிக்குப் போனேன். தட்டுக் கழுவ ஆள் தேவை என்று வாசலில் போட்டிருந்தார்கள். அலுவலகத்தில் இருந்த பிள்ளை தலை வலையையும் ஒரு தாளையும் நீட்டினாள். எனக்குத் தெரிந்த தாள்தான். பெயர், முகவரி, அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது, என்ன உறவு.

அந்த வரியில் நான் எப்போதும் இடறுவேன். பழைய தொழிற்சாலையில் ஈஸ்ட் ஹாம் கடைக்காரர் ஒருவரின் பெயரைக் கொடுத்திருந்தேன். அவர் கனடாவுக்குப் போய்ப் பல வருடமாகியும் கோப்பில் அப்படியே இருந்தார். நூறு பேருக்கு அந்த வரியை நிரப்பிக் கொடுத்தவனுக்கு லண்டனில் எழுத ஒரு பெயர் இல்லை. பேனா ஒரு பெயரை எழுதப் போனது. நிறுத்தினேன். வெளியே போய் போஜெனாவுக்கு அடித்தேன். அவளுக்கு ஷிப்ட் தொடங்கப் பத்து நிமிடம் இருந்தது.

"ஒரு தாள் நிரப்புறன்," என்றேன். "உங்கட பேரைப் போடலாமோ எண்டு கேக்கத்தான் எடுத்தனான்."

பின்னால் லொக்கர் கதவுகள் அடிபடும் சத்தம்.

"கேட்டிட்டீங்கள்," என்றாள். "பேரைப் போடுங்கோ. உறவு எண்ட இடத்தில என்ன எழுதப் போறீங்கள்?"

"நீங்கள் சொல்லுங்கோ."

"ஃப்ரெண்ட். சிஸ்டர், கிஸ்டர் எண்டு ஏதும் எழுதினீங்களோ, விரலை வெட்டிக்கொண்டு அடிச்சாலும் நான் போன் எடுக்க மாட்டன்."

"ஓம்."

"எழுதிக்கொண்டே சொல்லுங்கோ, பாப்பம்."

தாளைச் சுவரில் வைத்து ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிச் சொல்லி எழுதினேன். அவள் மறுபக்கத்தில் 'ம்', 'ம்' என்று கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசி எழுத்து வந்ததும் வைத்துவிட்டாள்.

அலுவலகப் பிள்ளை தாளைப் பார்க்காமலே கோப்பில் செருகினாள். பையில் இருந்த நீலப் பட்டியில் ஒரு துண்டு கிழித்து, என் பெயரை எழுதி, கோட் கொளுவியின் மேல் ஒட்டினேன். உள்ளே இடுப்பளவு உயரத்துக்குப் பாண் தட்டுகள் அடுக்கியிருந்தன. சப்பாத்து இன்னும் ஈரம் காயவில்லை. மேலே இருந்த தட்டை எடுத்துக் கழுவத் தொடங்கினேன்.